கேட்டு போட்டாச்சு, கேமராவை எடு!

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறவர்களிடம் 'நீடாமங்கலம்' என்று சொல்லிப் பாருங்கள். சந்தானராமர் கோயிலை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் கொஞ்சம் பேர். பெருமூச்சு விடுபவர்களே அதிகம். ஊர் நடுவே சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது தண்டவாளம். அதன் கேட்டு மூடினால் எப்போது திறக்கும் என்பது அந்தச் சந்தானராமருக்கே வெளிச்சம்.

இது ஜங்ஷன். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என்று மூன்று பக்கமும் பாதை பிரிகிறது. நாகூர், வேளாங்கண்ணி, காரைக்கால் போகும் வண்டிகள் இந்த வழிதான். 2011-ல் மன்னார்குடி பாதை மறுபடி திறந்தபின் மன்னை எக்ஸ்பிரஸும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு, டெல்டாவில் கொள்முதல் செய்த நெல்லை வெளிமாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்பும் சரக்கு ரயில்களும் இங்கேதான் ஏற்றப்படுகின்றன. 42 வேகன்கள், 2,000 டன் நெல் என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தால், அன்றைக்கு எஞ்சின் திசை மாற்றும் வேலைக்காகக் கேட்டு நெடுநேரம் மூடியிருந்தது என்று பொருள். மேம்பாலம் வேண்டும் என்பது இந்த ஊரின் பல வருஷக் கோரிக்கை.

ஆம்புலன்ஸும் பள்ளிப் பேருந்தும் நிற்கும் இடத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை: இரவில் விளக்குகளைப் படமெடுக்கப் பழகுகிறவனுக்கு, டெல்டாவில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

மெரினாவின் விளக்கு வரிசை, சிங்கப்பூர் மரீனா பே, துபாய் என்று நாம் பார்த்துப் பழகிய இரவுப் படங்களில் எல்லாமே ஒளி. எந்த விளக்கு யாருடையது, எதற்கு எரிகிறது என்று கேட்கவே தோன்றாது. நீடாமங்கலம் மாதிரி ஊரில் கடைத்தெருவைத் தாண்டினால் வயல். வயலைத் தாண்டினால் கும்மிருட்டு. அந்த இருட்டின் தயவில் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகத் தெரியும்; அது செய்யும் வேலையும் தெரியும். சின்ன ஊரின் இரவை எடுப்பதற்கு நான் கண்ட முதல் நியாயம் இதுதான்.

கேட்டுக்கு வருவோம். பேருந்து, டிராக்டர், டூவீலர், கீற்று ஏற்றிய மினி லாரி என்று இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். சாலையோரம் பாதுகாப்பான இடத்தில், தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ட்ரைபாடை ஊன்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 11, ஷட்டர் 10 நொடி என்று வைத்துக்கொண்டு, ரயில் எஞ்சின் ஃப்ரேமைக் கடந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். எஞ்சினின் முன்விளக்கு உள்ளே வந்துவிட்டால் படம் வெளுத்துப் போகும். பயணிகள் ரயிலின் ஜன்னல்கள் இழுபட்டு, அடுக்கடுக்கான ஒளி நாடாக்களாகப் பதியும். சரக்கு ரயில் அப்படி இல்லை. வேகனில் விளக்கு கிடையாது. எதிர்ப்பக்கம் காத்து நிற்கும் வண்டிகளின் ஹெட்லைட், வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே உள்ள சந்தில் விட்டுவிட்டு வந்து விழும். இருண்ட சுவர் ஒன்றின் வழியே வெளிச்சம் கசிவது மாதிரி ஒரு படம் கிடைக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

கேட்டு தூக்கியதும் அடுத்த காட்சி. வெளிநாட்டுப் புத்தகங்களில் நெடுஞ்சாலைப் படம் என்றால் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறு பக்கம் சிவப்புக் கோடு, ரூல் தடி வைத்துப் போட்டது மாதிரி போகும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. காத்திருந்த நேரத்தில் இரண்டு பக்கத்திலும் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு நம் ஆட்கள் நிற்பார்கள். திறந்ததும் இரண்டு கும்பலும் நேருக்கு நேர் வந்து முட்டும். டூவீலர்கள் இடுக்கில் நுழையும், பேருந்து ஒரு அடி நகரும், நிற்கும், ஹாரன் அடிக்கும். 20 நொடி திறந்து வைத்த ஷட்டரில் கோடுகள் பின்னிப் பிணைந்து, குழந்தை கிறுக்கிய சிலேட்டு மாதிரி இருக்கும். எந்த ஊர் என்று தலைப்புப் போட வேண்டிய அவசியமே இல்லாத படம் அது.

ட்ரைபாடைப் பார்த்ததும் கட்டாயம் யாராவது வண்டியை ஓரங்கட்டிக் கேட்பார்கள்: "என்ன தம்பி, மேம்பாலத்துக்கு அளக்குறீங்களா?" இல்லைங்க, சும்மா படம் என்றால் முகம் வாடிவிடும். ரயில் நிலையத்துக்குள் என்றால் விளையாட்டு வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்காமல் பிளாட்பாரத்தில் ட்ரைபாட் விரிக்காதீர்கள்.

இருபது நிமிஷ நீலம்

இரவுப் படம் என்றால் நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. முழு இருட்டில் வானம் வெறும் கறுப்பு அட்டையாகிவிடும். விளக்கு மட்டும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். கோபுரத்தின் விளிம்பு, மரத்தின் தலை, கூரையின் சரிவு எல்லாம் காணாமல் போகும். சூரியன் மறைந்து, தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 8 டிகிரி இறங்கும் நேரம்தான் சரியான நேரம். அப்போது வானத்தின் நீலமும் தெருவிளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்கும். இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

லண்டனிலும் பாரிஸிலும் கோடைக்காலத்தில் இந்த நீல நேரம் வெகுநேரம் நீளும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு டிகிரிக்கும் குறைவான இடத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்ந்து இறங்காது, செங்குத்தாக விழும். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். மறைந்து கால் மணி நேரத்தில் ஆரம்பித்து, அரை மணி நேரத்தைத் தாண்டியதும் எல்லாம் முடிந்துவிடும். இடம் பார்ப்பது, கால் ஊன்றுவது, ஃபோகஸ் சரிசெய்வது எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே முடிந்திருக்க வேண்டும். சாயங்காலக் காபியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். உச்சி வெயிலிலேயே நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது; இரவு என்பது நினைப்பிலேயே கிடையாது. அதன்பின் கண்ணாடித் தகடும் வேகமான ரசாயனமும் வந்து, 1890-களின் நடுவில் லண்டனில் பால் மார்ட்டின் தெருவிளக்கொளியில் ஊரைப் படமெடுத்தார். 1930-களின் தொடக்கத்தில் பாரிஸின் இரவுகளை எடுத்த பிரசாய், கடிகாரம் பார்ப்பதற்குப் பதிலாக சிகரெட்டைக் கணக்காக வைத்துக்கொண்டார். ஓரளவு வெளிச்சம் என்றால் ஒரு கோலுவாஸ், அதிக இருட்டு என்றால் நின்று எரியும் ஒரு பொயார். அவருக்கு மழையும் மூடுபனியும் பிடிக்கும்; விளக்கின் கூர்மையை அவை மழுக்கிவிடும் என்பதால். நமக்கு அதற்கு மார்கழி இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு, கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும் நேரத்தில், வெண்ணாற்றுப் பக்கமிருந்து பனி எழுந்து வந்து தெருவிளக்கைச் சுற்றிக் குடை விரித்து நிற்கும். டீக்கடை பாய்லரின் ஆவியும் அதில் கலந்துகொள்ளும்.

ட்ரைபாட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அரை கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவையோ செல்போனையோ அழுத்தி உட்கார வையுங்கள். டைமரை 2 நொடிக்கு வைத்துக் கையை எடுத்துவிட்டால் போதும். லாரி போகும்போது பாலம் அதிரும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

தெருவிளக்கு நட்சத்திரம் மாதிரி கதிர் விட்டுத் தெரிகிற படங்களைப் பார்த்து ஃபில்டர் தேடுகிறார்கள். தேவையே இல்லை. துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கினால் தானாக வரும். லென்ஸுக்குள் இருக்கும் தகடுகளின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது அது. தகடு எட்டு என்றால் எட்டுக் கதிர். ஏழு என்றால் பதினான்கு.

மஞ்சள் போய் வெள்ளை வந்தது

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த எந்த ஊர்ப் படத்தையும் பாருங்கள். ராத்திரி என்றாலே மஞ்சள். சோடியம் விளக்கின் ஆட்சி அது. அந்த வெளிச்சத்தில் பச்சைப் புடவையும் நீலப் புடவையும் ஒன்றுபோல் அழுக்கு நிறத்தில் தெரியும். மத்திய அரசு 2015 ஜனவரியில் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மாறின. மின்சாரச் செலவு குறைந்தது. நிறங்கள் நிறங்களாகத் தெரிந்தன. இருட்டில் நடந்துபோகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படமெடுப்பவனுக்கு வேறு தலைவலி வந்தது. சோடியத்தின் ஒளி மெதுவாகப் பரவும், எல்.இ.டி. விளக்குக்கு அடியில் மட்டும் கொட்டும், பத்தடி தள்ளி இருள். கடைத்தெருவில் இரண்டும் இன்னும் கலந்தே கிடக்கின்றன. மெடிக்கல் ஷாப்பின் வாசலில் பச்சை, நகைக்கடையில் திட்டமிட்டுப் போட்ட மஞ்சள், பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சூடான வெள்ளை, செல்போன் கடையில் நீலம் பாய்ந்த வெள்ளை, பூக்கடையில் ஒற்றை பல்பு. நகைக்கடைக்காரர் வெள்ளை விளக்குப் போட்டால் தங்கம் வெளிறும். காய்கறிக் கடையில் சிவப்புப் படுதா கட்டியிருப்பது வெயிலுக்காக என்று நினைக்கிறோம். ராத்திரி விளக்கு அதன் வழியே விழும்போது தக்காளி கூடுதலாகச் சிவக்கிறது. வெளிச்சமும் வியாபாரம்தான்.

இவை அத்தனையையும் ஒரே படத்தில் அடக்கும்போது கேமராவின் தானியங்கி நிறச் சமன் திணறும். ரா கோப்பாக எடுத்துக்கொண்டு, வீட்டில் போய் 3,800 கெல்வின் அளவில் தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதே என் வழக்கம். எல்லா விளக்கையும் வெள்ளையாக்க முயலாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லாக் கடையும் ஒரே கடையாகிவிடும்.

செல்போனின் நைட் மோடும் இதே பாவத்தைத்தான் செய்கிறது. சில நொடிகளில் பல படங்களை எடுத்து, அசைவைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியைக் கூட்டும் அந்தத் தொழில்நுட்பம் கெட்டிக்காரத்தனமானது. மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணித் தெருவைச் சாயங்காலம் ஆறு மணி ஆக்கிவிடுகிறது. திரையில் வெளிச்சத்தின் அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

அழையாத விருந்தாளிகள்

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மழை விட்டு, காற்று அசையாத சாயங்காலம். சம்பா பயிர் தூர் கட்டி நிற்கிறது. விளக்கு போட்டதும் பொடிப் பொடியாகப் பச்சைப் பூச்சிகள் மேகம் மாதிரி வந்து மொய்க்கும். டூவீலரில் போகிறவர்கள் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். டிபன் கடையில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, தெருவில் கொஞ்சம் தள்ளி ஒரு பல்பை எரியவிட்டு, பூச்சியை அங்கே திருப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் தோசைக் கல்லில் தோசையோடு அதுவும் வேகும்.

இது பெரும்பாலும் பச்சைத் தத்துப்பூச்சி. நெல்லின் சாற்றை உறிஞ்சுவதோடு, துங்ரோ வைரஸை வயலுக்கு வயல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதுதான். விளக்கைத் தேடி வரும் அதன் குணத்தை வேளாண் துறை தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. விளக்குப் பொறி வைத்து, விழும் பூச்சிகளை எண்ணி, தத்துப்பூச்சியா, புகையானா, தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியா என்று பிரித்துப் பார்த்தால் எந்தத் தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் நீடாமங்கலத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையமும் விவசாயிகளுக்குச் சொல்லும் சேதிகளில் விளக்குப் பொறியும் ஒன்று.

கேமராவுக்கு இந்தப் பூச்சிகள் இடைஞ்சலா? லென்ஸில் உட்கார்ந்தால் இடைஞ்சல்தான். ஆனால் அரை நொடி ஷட்டரில் ஒவ்வொரு பூச்சியும் ஒரு சின்ன வெள்ளிச் சுருளாகப் பதியும். சில சுருள்களில் சீரான இடைவெளியில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். இறக்கை மேலும் கீழும் அடித்ததன் தடம் அது. சுருள் முழுக்கப் புள்ளி புள்ளியாக விட்டுவிட்டுத் தெரிந்தால், காரணம் பூச்சி இல்லை, விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது.

தெருவிளக்குக்கும் நெல்லுக்கும் உள்ள வழக்கு இதோடு முடியவில்லை. நெல் குறும்பகல் பயிர். நம் பழைய சம்பா ரகங்கள் பல, பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். எப்போது விதைத்தாலும் தை மாதத்தைக் கணக்காகப் பிடித்துக் கதிர் விடும் அதன் ரகசியம் அந்த நீண்ட இருட்டில் இருக்கிறது. சாலையோர வயலில் ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு விழுந்தால் பயிருக்கு இரவு வந்ததே தெரிவதில்லை. சுற்றிலும் கதிர் பழுத்துச் சாய, கம்பத்தின் அடியில் மட்டும் ஒரு வட்டம் பச்சையாக நிற்கும். முழு நிலா வெளிச்சம் தரையில் 0.3 லக்ஸைக்கூட எட்டாது. தெருவிளக்கு அதைப்போல் பல பத்து மடங்கு. ஜப்பானில் யமகுச்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெல்லைக் குழப்பாத தெருவிளக்கை வடிவமைக்க வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். நாம் கம்பத்துக்குப் பின்பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாகக் கட்டினாலே பாதிப் பிரச்னை தீரும். பாரம்பரிய ரகங்களைத் தேடித் தேடி மறுபடி விதைக்கும் இந்தக் காலத்தில் ஊராட்சிகள் இதை யோசிக்கலாம். அந்தப் பச்சை வட்டத்தைப் பகலில் படமெடுத்தாலும் அது இரவுப் படம்தான்.

ஆற்று வழியே வந்த கரண்ட்

இந்தியாவில் மின்சாரத் தெருவிளக்கு முதன்முதலாகப் பரவலாக எரிந்த ஊர்களில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. ஆண்டு 1905. அந்த மின்சாரம் வந்தது சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1902-ல், அதே அருவி சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்துவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. தொடர்ந்து அங்கேயும் மின் நிலையம் வந்தது. மேலே சுழலியைச் சுற்றிவிட்டு இறங்கும் தண்ணீர்தான் கல்லணையில் பிரிந்து வெண்ணாறாக நீடாமங்கலத்துக்கு வருகிறது.

ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு, மதகு பார்க்கும் லஸ்கரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒருநாள் அந்தியில் போய் நில்லுங்கள். ஷட்டர் பலகைக்குக் கீழே தண்ணீர் சீறிக்கொண்டு வரும். கேமராவின் ஷட்டரை 30 நொடி திறந்து வைத்தால் அந்தச் சீற்றம் முழுக்கப் பாலாகிவிடும். மேலே எரியும் ஒற்றை விளக்கு அதில் நீளமாகக் கரையும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வயல். உழுது, தண்ணீர் கட்டி, பரம்படித்து நடவுக்குத் தயாராக நிற்கும் வயல் சில நாள் மட்டும் கண்ணாடி. காற்று அடங்கிய இரவில் தூரத்து ஊரின் விளக்கு வரிசை, செல்போன் கோபுரத்தின் சிவப்பு, தஞ்சாவூர்ப் பக்கம் வானத்தில் தெரியும் மங்கலான வெளிச்சம் எல்லாம் தலைகீழாக அதில் விழும். நட்டு இரண்டு மூன்று வாரத்தில் பயிர் பச்சை கட்டிக் கண்ணாடியை மூடிவிடும். கமலாபுரம், அடியக்கமங்கலம் பக்கம் போனால் எண்ணெய்க் கிணறுகளின் விளக்குகளையும் பார்க்கலாம். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் வந்ததன் பின்கதை அங்கேதான் இருக்கிறது.

வரப்பில் இரவில் நடப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. கண்ணாடி விரியன் உள்ள பூமி இது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நல்ல டார்ச், கூட ஓர் ஊர்க்காரர். மூன்றும் இல்லாவிட்டால் சாலையை விட்டு இறங்காதீர்கள்.

சாமிக்கு சீரியல் செட்

வருஷத்தில் சில ராத்திரிகள் மட்டும் எங்கள் ஊர்கள் தாங்களும் நகரம்தான் என்று காட்டிக்கொள்ளும். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே மைக் செட்டுக்காரர் வந்து சவுக்குக் கம்பு நட்டு, டியூப் லைட்டுகளை வரிசையாகக் கட்டுவார். கோபுரத்தின் நுனியிலிருந்து சீரியல் செட் இறங்கும். தெருமுனையில் மூங்கில் சட்டத்தில் ஆயிரக்கணக்கான பொடி விளக்குகளால் ஆன அம்மன் கட்-அவுட். கை அசையும், சக்கரம் சுற்றும், தாமரை விரியும். வேகமான ஷட்டரில் எடுத்தால் பாதி விளக்கு அணைந்த நேரத்தில் மாட்டி, அம்மன் ஒரு கண்ணோடு நிற்பாள். ஒரு முழுச் சுற்று முடியும்வரை, நாலைந்து நொடி, திறந்து வையுங்கள்.

இந்தத் தடத்திலேயே எடுக்க வேண்டியவை நிறைய. நீடாமங்கலத்துச் சந்தானராமர் கோயிலைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் என்பார்கள். ஊரே ஒரு காலத்தில் அவருடைய அரசி யமுனாம்பாள் பெயரால் யமுனாம்பாள்புரம் என்று வழங்கியது. அதே மன்னர்தான் நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான, 131 அடிப் பெரிய மினாராவையும் கட்டிக் கொடுத்தவர். கந்தூரி நாட்களில் அது உச்சி முதல் அடிவரை விளக்கோடு நிற்கும். நீடாமங்கலத்தில் ரயில் ஏறினால் நேராக நாகூரில் இறங்கலாம்.

மன்னார்குடியில் ஆனி மாதத் தெப்பம், ஏறத்தாழ 23 ஏக்கர் விரிந்த ஹரித்ரா நதியில். திருவாரூரில் கமலாலயத் தெப்பம், மூன்று நாள். பேரல்களை வரிசையாகக் கட்டி, மூங்கில் பரப்பி, அதன்மேல் மண்டபம் எழுப்பி, விளக்கால் இழைத்து, கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். தெப்பம் நகர்வது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கேமராவுக்குத் தெரியும். ஒரு நொடிக்கு மேல் திறந்தால் மண்டபம் கலங்கிவிடும். கால் நொடி, ஐ.எஸ்.ஓ. 800, துவாரம் எஃப் 4 என்பது என் கணக்கு. எல்லோரும் தெப்பத்துக்குக் கேமராவைத் திருப்பும்போது நீங்கள் ஒருமுறை கரைப் படிக்கட்டைத் திரும்பிப் பாருங்கள். தெப்பம் அருகே வரவர, உட்கார்ந்திருக்கும் முகங்களில் வரிசை வரிசையாக வெளிச்சம் ஏறிக்கொண்டே வரும்.

மேலே இருந்து பார்த்தால்

தீபாவளி தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். 'விண்வெளியிலிருந்து தீபாவளி இரவில் இந்தியா' என்று, நாடே சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஜொலிக்கும். அது தீபாவளிப் படமே இல்லை. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருஷம் எடுத்த இரவுப் பதிவுகளை அடுக்கி, 2003-ல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி செய்த வரைபடம் அது. பழைய விளக்குகள் வெள்ளை. பிற்பாடு முளைத்தவைக்கு நீலம், பச்சை, சிவப்பு என்று காலவாரியாக நிறம். நம் ஊர்கள் பெருகிய கதையை நாம் பட்டாசு என்று நினைத்துக்கொண்டோம். 2012-ல் சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் எடுத்த உண்மையான தீபாவளி இரவுப் படத்தை நாசா வெளியிட்டது. மற்ற நாட்களுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மேலிருந்து நகர விளக்குகளை எடுப்பதும் சுலபமில்லை. விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பறக்கிறது. ஷட்டரைக் கொஞ்சம் நேரம் திறந்தால் ஊரெல்லாம் கோடாகிவிடும். 2002-03-ல் அங்கே தங்கியிருந்த டான் பெட்டிட், கைவசம் கிடந்த உதிரிப் பாகங்களையும் ஒரு டிரில்லிங் மெஷினையும் வைத்து, கீழே நகரும் ஊருக்குத் தக்கபடி கேமராவைத் திருப்பும் ஒரு கருவியைச் செய்துகொண்டார். நம் ஊர் மெக்கானிக் செய்யும் வேலைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் காசு கொடுத்து செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். இன்று நாம் பெருமை பேசும் செல்போன் நைட் மோடுகளில் பேர் பெற்ற ஒன்றை கூகுள் தன் போன்களுக்குக் கொண்டுவந்ததும் அதே வாரம்தான். அந்தச் சில வாரங்களில் டெல்டாவில் நல்ல இரவுப் படம் எடுக்க நினைத்தவர்கள் குறைவு. எடுக்கப்பட்ட சிலவற்றில் மெழுகுவர்த்தி, டிராக்டரின் ஹெட்லைட், வெளிமாநிலத்திலிருந்து வந்து கம்பம் நட்ட மின் ஊழியர்களின் தலை டார்ச் தவிர வேறு வெளிச்சமே கிடையாது. நிவாரணக் கணக்குகளைவிட அந்தப் படங்கள் எனக்குத் தெளிவாகப் பேசின.

இப்போதைக்கு டெல்டாவில் எனக்குப் பிடித்த இரவு விளக்கு, தை மாசி அறுவடை நேரத்தில் எரிவது. பகல் முழுக்க ஓடிய அறுவடை மெஷின் ராத்திரியும் ஓடும். அதன் முன்விளக்கில் வைக்கோல் தூசி மஞ்சள் புகையாகக் கிளம்பும். கொஞ்சம் தள்ளி நேரடி நெல் கொள்முதல் நிலையம். களத்தில் குவித்த நெல், மழை பயத்தில் மேலே இழுத்துக் கட்டிய தார்ப்பாய், ஒரு கம்பத்தில் ஒரு விளக்கு, அதன் கீழே கயிற்றுக் கட்டிலில் காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயி. முறை வரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்து அவரை எழுப்பிவிடாதீர்கள். முன்னாலேயே, "ஐயா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்து, எந்தப் பத்திரிகையில் வரும் என்பார். நெல்லுக்கு ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிய கதையையும் சேர்த்துச் சொல்வார். ஐ.எஸ்.ஓ. 1,600, துவாரம் எஃப் 2.8, ஷட்டர் பதினைந்தில் ஒரு பங்கு நொடி. அவர் பேசும்போது அசையும் கை லேசாகக் கலங்கினால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். கிளம்புமுன் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு படத்தை அன்றிரவே அனுப்பிவிடுங்கள். போன முறை எடுத்தவர் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவே இல்லை என்ற புகார் அந்தக் களத்தில் ஏற்கெனவே இருக்கிறது.